அரபு நாடுகளின் உடல் பருமனுக்குச் செல்வச் செழிப்பு மட்டும் காரணமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரபு நாடுகளில் உடல் பருமன் பெருகிவருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்டிருந்த நிலவரம் சரியானதே. ஆனால், எண்ணெய்ப் பணம் வந்தது, உடலுழைப்பு போனது, அதனால் உடம்பு பெருத்தது என்று காரணத்தை அக்கட்டுரை சுருக்கமாக முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. குவைத்தில் ஒரு மருத்துவமனையின் உணவியல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஊர் திரும்பியவள் நான். அந்த மக்களை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில், கட்டுரையில் விடுபட்டுப்போன சிலவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலக மக்களில் எட்டில் ஒருவர் உடல் பருமனோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குவைத்திலும் கத்தாரிலும் எகிப்திலும் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் அந்த நிலையில் இருக்கிறார்கள். அவர்களிலும் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. பருமனைத் தொடர்ந்து சர்க்கரை நோயும் வந்துவிடுகிறது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பில் குவைத்தின் விகிதம் 24.9 சதவீதம், எகிப்தின் விகிதம் 20.9 சதவீதம். உலகின் எல்லா வட்டாரங்களிலும் மத்திய கிழக்கும் வட ஆப்பிரிக்காவும் சேர்ந்த வட்டாரமே நீரிழிவில் முதலிடத்தில் நின்றது.

இந்தக் கணக்கில் குவைத்தும் எகிப்தும் அருகருகே நிற்பதைத்தான் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். குவைத் குடிமக்கள் உலகின் பெருஞ்செல்வர்களோடு வைத்து எண்ணப்படுபவர்கள். எகிப்திலோ கோடிக்கணக்கான குடும்பங்கள் அரசின் மானிய ரொட்டியை நம்பி நாளைக் கழிக்கின்றன. செல்வச் செழிப்பும் சோம்பலும்தான் காரணம் என்றால், விடியற்காலையில் எழுந்து நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்யும் கெய்ரோவின் ஏழைத் தாய்க்கு எப்படி உடல் பருமன் வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடாமல் அரபு மக்களின் உணவைப் பற்றிப் பேசுவது அந்த மக்களைப் பழிப்பதாக மட்டுமே முடியும்.

எகிப்தில் 'அய்ஷ் பலதி' எனப்படும் மானிய ரொட்டியின் விலை 1980களின் பிற்பகுதியிலிருந்து 2024 வரை 5 பியாஸ்டரிலேயே நின்றது (நூறு பியாஸ்டர் ஓர் எகிப்திய பவுண்டு). 1977 ஜனவரியில் அதிபர் அன்வர் சதாத்தின் அரசு பன்னாட்டு நாணய நிதியத்தின் வற்புறுத்தலால் உணவு மானியங்களை வெட்டியபோது நாடெங்கும் கலவரம் வெடித்தது, பலர் உயிரிழந்தனர், அரசு உடனே பின்வாங்கியது. அந்த அச்சத்தினாலேயே பின்வந்த அரசுகள் ரொட்டியின் விலையைத் தொடத் தயங்கின. 2014இல் கொண்டுவந்த அட்டை முறையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 ரொட்டி என்று அளவு வைத்தார்கள். விலையை 20 பியாஸ்டராக உயர்த்தும் துணிவு 2024 ஜூன் மாதத்தில்தான் வந்தது. அந்த விலையிலும் அரசுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் திரும்பி வருகிறது. ரேஷன் அட்டைக்குச் சர்க்கரையும் சமையல் எண்ணெயும் அரிசியும் மக்ரோனியும்கூடக் கிடைக்கின்றன. காய்க்கும் பழத்துக்கும் மீனுக்கும் இறைச்சிக்கும் சந்தை விலைதான்.

அந்த ரொட்டியை நான் குறை சொல்லவில்லை. தவிட்டை முழுவதும் நீக்காத மாவில் செய்யப்படும் அது, கடையில் விற்கும் வெள்ளை ரொட்டியைவிட எத்தனையோ மேல். காலையில் அதைப் பிய்த்து, மொச்சையை இரவெல்லாம் வேகவைத்து மசித்த 'ஃபூல்' தொட்டுச் சாப்பிடுவது உலகின் நல்ல காலை உணவுகளுள் ஒன்று என்று எந்த உணவியலாரும் சொல்வார். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பணத்தின் மதிப்பு சரிந்து விலைவாசி ஏறிய ஒவ்வொரு முறையும், 2016இல் எகிப்திய பவுண்டின் மதிப்பைச் சந்தையின் போக்கில் மிதக்க விட்டபோதும் அதற்குப் பின்னரும், ஏழைக் குடும்பங்கள் முதலில் விட்டுவிட்டவை இறைச்சியும் பழமும் பாலும்தான். அந்த வெற்றிடத்தை ரொட்டியும் மக்ரோனியும் பொரித்த பண்டமும், மூன்று கரண்டி சர்க்கரை போட்ட கறுப்புத் தேநீரும் நிரப்பின. வயிறு நிறைகிறது, உடலுக்கு வேண்டியது கிடைப்பதில்லை. 2014ஆம் ஆண்டு நடந்த நாடு தழுவிய மக்கள் நலக் கணக்கெடுப்பில், 5 வயதுக்கு உட்பட்ட எகிப்தியக் குழந்தைகளில் ஐந்தில் ஒன்று வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தது. ஒரே வீட்டில் தாய்க்கு உடல் பருமன், பிள்ளைக்கு ஊட்டச்சத்துக் குறைவு என்கிற நிலையைச் செல்வத்தின் கணக்கில் எழுத முடியுமா?

இனி வளைகுடாவுக்கு வருகிறேன். எண்ணெய்க்கு முந்திய காலத்து உணவைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முத்துக்குளிக்கும் பருவத்தில் கடலில் இருந்தவர்கள் காலையில் சில பேரீச்சம்பழங்களும் கொஞ்சம் காப்பியுமாகத் தொடங்கி, பகல் முழுவதும் மூழ்கி எழுந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் சோறும் மீனும் உண்டிருக்கிறார்கள். பாலைவனத்தில் ஒட்டகப் பாலும் பேரீச்சையும். கரையில் ஸுபைதி என்று அவர்கள் சொல்லும் வாவல் மீனும், பம்பாயிலிருந்து கப்பலில் வந்த அரிசியும். இறைச்சி என்பது விருந்தாளி வந்தாலோ பெருநாள் வந்தாலோ மட்டும். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், குறைவாக உண்டு வாழும் பாலைவன மக்கள், செழிப்பான ஊர்களில் வயிறார உண்பவர்களைவிட உடல் நலமும் தெளிந்த அறிவும் உடையவர்களாக இருப்பதாக எழுதியிருக்கிறார். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று நபிகள் நாயகம் சொன்னதாக வரும் ஹதீஸ் நம் ஊர் முஸ்லிம் வீடுகளில்கூடச் சிறுவயதிலேயே சொல்லித் தரப்படுவது. மிதமாக உண்பது அந்தச் சமூகத்துக்கு அந்நியமான செய்தியன்று. மருத்துவர்கள் வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதும் அன்று.

அப்படியிருந்தும் இரண்டே தலைமுறையில் எல்லாம் மாறிப்போனதற்குக் காரணம், உணவு வந்துசேரும் வழி முழுவதும் மாறியதுதான். 1946இல் குவைத்திலிருந்து எண்ணெய் ஏற்றுமதி தொடங்கிய பின், அரசு தன் வருவாயைக் குடிமக்களோடு பகிர்ந்துகொண்ட வழிகளுள் மலிவு உணவும் ஒன்றாயிற்று. இன்றும் குவைத் குடும்பங்களுக்கு 'தம்வீன்' எனப்படும் ரேஷன் உண்டு. அரிசி, சர்க்கரை, எண்ணெய், பால் மாவு, பருப்பு, தக்காளி விழுது, உறைய வைத்த கோழி என்று ஆள் கணக்கில் மானிய விலையில் தருகிறார்கள். பேட்டையின் கூட்டுறவுக் கடையான ஜம்இய்யாவின் ரேஷன் பிரிவிலிருந்து சர்க்கரை மூட்டைகளும் எண்ணெய் டின்களும் தள்ளுவண்டியில் கார்களுக்குப் போவதை நான் எத்தனையோ மாலைகளில் பார்த்திருக்கிறேன். வறுமைக் காலத்தின் நினைவோடு ஆள்பவர்கள் அன்போடு தொடங்கிய ஏற்பாடு அது. ஆனால் ஒரு வீட்டுக்குச் சர்க்கரையும் எண்ணெயும் தேவைக்கு மேல் மாதந்தோறும் வந்து சேர்ந்தால் அவை அலமாரியில் உறங்கிக் கிடப்பதில்லை.

சமையலும் மாறியது. மச்பூஸ் என்பது காய்ந்த எலுமிச்சையும் மசாலாவும் சேர்த்துச் சோற்றோடு மீனையோ இறைச்சியையோ ஆக்குவது. முன்னாளில் பலர் சுற்றி அமர்ந்து ஒரே தாம்பாளத்தில் உண்டபோது இறைச்சி சிறு பங்காகவும் மீன் அடிக்கடியும் இருந்தது. அதே தாம்பாளம் இப்போது ஆட்டிறைச்சியும் நெய்யுமாக, உடன் பொரித்த உருளைக்கிழங்கும் குளிர்பானமுமாக நாள்தோறும் வருகிறது. 1990களில் அமெரிக்க விரைவு உணவுக் கடைகள் பெருகின. குவைத்தில் 1994இல் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது கார்கள் நீண்ட வரிசையில் நின்றதை அவ்வூர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஈராக்கின் ஆக்கிரமிப்பிலிருந்து மீண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்த மக்களுக்கு அந்த வரிசை இயல்பு வாழ்க்கை திரும்பியதன் அடையாளமாகவும் இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் பங்கும் இதில் உண்டு. வளைகுடா முழுவதும் பரவியிருக்கும் கராக் சாய், இந்தியத் துணைக்கண்டத்துத் தொழிலாளர்களின் தேநீர்க் கடையிலிருந்து அரபு மக்களிடம் போனது. டின் பாலும் ஏலக்காயும் கைநிறையச் சர்க்கரையும் போட்டுச் சுண்டக் காய்ச்சிய அந்தத் தேநீருக்காகக் கடையின் முன்னால் காரை நிறுத்தி ஒலிப்பானை ஒருமுறை அழுத்தினால் போதும். கடைப் பையன் ஓடிவந்து காகிதக் கோப்பையைச் சன்னல் வழியே நீட்டுவான், கூடவே சீஸ் தடவிச் சுருட்டிய ஒரு பராத்தாவும் வரும். வண்டியைவிட்டு இறங்கவும் வேண்டாம். மாலையில் ஒன்று, ஆண்கள் மாலையில் கூடிப் பேசும் திவானியாவில் நண்பர்களோடு அமரும்போது இரண்டு, வீடு திரும்பும் வழியில் ஒன்று என்று குடிப்பவர், "நான் சோடா தொடுவதே இல்லை, டாக்டர்" என்று மனப்பூர்வமாகச் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். தேநீரில் போகும் சர்க்கரையை யாருமே உணவாக எண்ணுவதில்லை.

நடையைப் பற்றி ஒரு சொல். 2016ஆம் ஆண்டின் தரவுகளை வைத்து உலக சுகாதார நிறுவனத்தினர் கணக்கிட்டபோது, போதிய உடல் இயக்கம் இல்லாதவர்கள் குவைத்தில் 67 சதவீதம் என்றும் அதுவே உலகில் மிக அதிகம் என்றும் தெரிந்தது. அதே 2016 ஜூலையில்தான் குவைத்தின் மித்ரிபாவில் வெப்பம் 53.9 பாகை செல்சியஸைத் தொட்டது. நிழல் தரும் குறுகிய சந்துகளை இடித்துவிட்டு அகலச் சாலைகளும் தொலைதூரக் குடியிருப்புகளுமாகக் கட்டப்பட்ட ஊரில், அந்த வெயிலில் யார் நடப்பார்கள்? 'மம்ஷா' எனப்படும் நடைபாதைகளைப் பேட்டைகளில் போட்ட பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மேல் அபாயா அணிந்த பெண்கள் கூட்டம் கூட்டமாக வேகநடை போடுவதைப் பார்த்தவர் எவரும் அந்த மக்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டார். இடம் கொடுத்தால் நடக்கிறார்கள். சவூதி அரேபியாவில் அரசுப் பெண்கள் பள்ளிகளில் உடற்கல்வியை அனுமதிப்பதாக 2017இல்தான் அறிவித்தார்கள். பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடங்களுக்கு முறையான உரிமம் தரத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். அங்கே பருமன் பெண்களிடம் மிகுதியாக இருப்பதைப் பேசும்போது, ஓடியாடும் வயதில் அவர்களுக்கு அடைத்து வைக்கப்பட்டிருந்த கதவுகளைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

அரசுகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். சவூதி அரேபியா 2017 ஜூனில் கார்பனேற்றிய குளிர்பானங்களுக்கு 50 சதவீத வரியும், ஆற்றல் பானங்களுக்கு 100 சதவீத வரியும் விதித்தது. அதே ஆண்டு அமீரகமும் பஹ்ரைனும், 2019இல் கத்தாரும் ஓமனும் தொடர்ந்தன. வரிக்குப் பின் சவூதியில் சோடா விற்பனை கணிசமாகக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் முதலில் பழச்சாறு என்ற பெயரில் விற்கும் சர்க்கரைத் தண்ணீர் வரியிலிருந்து தப்பியது; 2019 டிசம்பரில்தான் இனிப்பூட்டிய பானங்கள் அனைத்துக்கும் வரியை விரித்தார்கள். 2019 தொடக்கத்திலிருந்து சவூதி உணவகங்களின் விலைப்பட்டியலில் கலோரி அளவைக் குறிப்பிட வேண்டும். தொழிற்சாலைகளில் உருவாக்கும், இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பை ஒழித்ததற்காக 2024இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்த முதல் ஐந்து நாடுகளுள் சவூதியும் ஒன்று. குவைத்தில் ரொட்டி சுடும் நிறுவனமே ரொட்டியின் உப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. உண்பவர்கள் பெரும்பாலும் அதை உணரவேயில்லை. இவைபோன்ற நடவடிக்கைகளை நான் மிகவும் மதிக்கிறேன். தனி மனிதரின் மன உறுதியை நம்பாமல், வாயில் போடுவதற்கு முன்பே உணவைத் திருத்திவிடுகிறவை இவை.

2013 ரமலானில் துபாய் மாநகராட்சி, எடை குறைப்பவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் தங்கம் என்று அறிவித்ததும், கத்தாரில் 2012 முதல் பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை விளையாட்டு நாளாக்கி விடுமுறை விட்டிருப்பதும் நல்ல எண்ணத்தில் செய்தவையே. எனினும் பரிசு முடிந்த பின்பும், விடுமுறை முடிந்த மறுநாளும் அந்த மக்கள் திரும்பிப் போவது அதே சமையலறைக்கும் அதே சாலைக்கும்தான். குவைத்தில் இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை மிகப் பரவலாகிவிட்டது. அண்மைக் காலத்தில் எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்திருக்கின்றன. தேவைப்படுவோருக்கு அவை உயிர் காப்பவை. அவற்றை எதிர்ப்பவள் அல்ல நான். ஆனால் அறுவை முடிந்து எடை குறைந்து, சில ஆண்டுகளில் மீண்டும் ஏறிவந்த பெண்களோடு பேசியபோதெல்லாம், வீட்டில் சமைக்கும் முறை அணுவளவும் மாறவில்லை என்பதே தெரியவந்தது.

இங்கேதான் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்கும் இந்தப் பிரச்சினைக்கும் நேரடியான தொடர்பு இருக்கிறது. வளைகுடா வீடுகளில் பெரும்பாலும் சமைப்பவர்கள் அந்த வீட்டினர் அல்லர். ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போன பெண்களும் ஆண்களுமே. நாங்கள் ஆலோசனை சொன்னது வீட்டு எசமானியம்மாளிடம். எழுதிக் கொடுத்த உணவு அட்டவணை அரபியில். எண்ணெயை ஊற்றும் கையோ அதைப் படிக்கத் தெரியாத ஒருவருடையது. ஒருமுறை ஓர் அம்மையார் தம் வீட்டுச் சமையல் பெண்ணையும் உடன் அழைத்து வந்தார். மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண். ஒரு சட்டிச் சோற்றுக்கு எவ்வளவு எண்ணெய் விடுகிறீர்கள் என்று தமிழில் கேட்டதும், இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டுவிட்டதுபோல் அவர் என்னைப் பார்த்தார். "வந்த புதுசில பெரிய மேடம் காட்டித் தந்த அளவுதான் மிஸ். நான் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. குறைக்கச் சொன்னா குறைப்பன்தானே" என்றார். அந்த அறையில் இருந்த காகிதக் கோப்பையில் அளந்து காட்டச் சொன்னேன். அவர் காட்டிய அளவைக் கண்டு அம்மையாரே திகைத்துப் போனார். அதில் பாதியாகக் குறைப்பது என்று மூவரும் பேசி முடித்தோம். அடுத்த சில மாதங்களில் அந்த வீட்டில் அம்மையாரின் எடை மட்டுமின்றி, அவருடைய கணவரின் சர்க்கரை அளவும் இறங்கியது.

அதே சமையலறையில், அதே எண்ணெயில், மிஞ்சிய சோற்றைத்தான் சமைத்த பெண்ணும் உண்கிறார். முகாம்களில் தங்கியிருக்கும் நம் ஆண்களின் உணவோ குப்பூஸ் எனப்படும் அரபு ரொட்டியும் குளிர்பானமும் இரவு பதினொரு மணிக்கு மேல் ஆக்கிய சோறுமாக இருக்கிறது. நாற்பது வயது தாண்டுமுன்னே சர்க்கரை நோயோடும் இரத்த அழுத்தத்தோடும் ஊர் திரும்பியவர்கள் எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆகவே அரபு மக்களின் உணவுப் பழக்கம் திருந்துவது நம் வீட்டுக் கவலையும்தான்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வளைகுடாவில் வேலை செய்வோர் கைபேசியில் நாள்தோறும் படிக்கும் தமிழ் நாளிதழ்களுள் தங்களுடையதும் ஒன்று. வீட்டுச் சமையல் வேலையிலிருக்கும் பெண்களுக்கென்று மாதம் ஒருமுறையாவது ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். ஆறு பேர் உண்ணும் மச்பூஸுக்கு எத்தனை மேசைக்கரண்டி எண்ணெய் போதும், கராக்கில் சர்க்கரையை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, நோன்பு திறக்கும் நேரத்துச் சமோசாவைப் பொரிக்காமல் அடுப்பில் சுட்டெடுப்பது எப்படி, எசமானியம்மாளிடம் இதை எந்த அரபுச் சொற்களால் பக்குவமாகக் கேட்பது என்று அங்கே பணியாற்றும் தமிழ் உணவியலாரையும் செவிலியரையும் கொண்டு எழுதச் செய்யுங்கள். அந்நாட்டு நலவாழ்வு அமைச்சகங்கள் அரபியிலும் ஆங்கிலத்திலும் வெளியிடும் உணவுக் கையேடுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் வெளியிடுமாறு நம் தூதரகங்கள் வழியே கேட்கவும் தங்களைப் போன்ற நாளிதழ்களால்தான் முடியும். அப்பக்கத்தைத் தாங்கள் தொடங்கினால், முதல் சில மாதங்களுக்கு வேண்டிய சமையல் அளவுக் குறிப்புகளை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற உணவியலாளர்,
கீழக்கரை.